ஒரிஜினல் கட்டை

மே 14, செவ்வாய்

வீடு வந்தாயிற்று. கழுத்தில் ஒரு கோடு. தைராய்டில் இருந்த கட்டியை எடுத்துவிட்டார்கள். பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று ரிப்போர்ட்டும் வந்துவிட்டது. முத்துமாலை போட்டால் தழும்பு தெரியாது என்றாள் நர்ஸ். எதற்கு மறைக்க வேண்டும், நான் என்ன திருடினேனா என்று கேட்டேன்.

கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "பேச்சுக்கு ஒண்ணும் ஆகாதும்மா. ஸ்கூல் திறந்ததும் வகுப்பு எடுக்கலாம். குரலை மேல தூக்கற நரம்பு மட்டும் கொஞ்சம் அசந்து போயிருக்கு. சிலருக்கு அது திரும்ப வரும், சிலருக்கு வராது. ஆபரேஷனுக்கு முன்னாடியே சொன்னேன்ல?"

சொன்னார். நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

"டாக்டர், நான் ஐந்தரைக் கட்டையில பாடறவ" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும், ஆண்கள் சாதாரணமாக ஒன்று ஒன்றரை, பெண்கள் ஐந்து ஐந்தரை என்று விளக்கினேன். பத்தாம் வகுப்புக் கடைசி பெஞ்ச் போலத் தலையை ஆட்டினார்.

சிலருக்குத் திரும்ப வரும். அந்தச் சிலரில் நான் ஒருத்தி.

மே 15, புதன்

கஞ்சி. அதிகம் பேசக் கூடாது என்று இவர் நாள் முழுக்க நினைவூட்டுகிறார். அதில் இவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷம் என்று சந்தேகப்படுகிறேன்.

மே 16, வியாழன்

நாட்குறிப்பில்கூட இவர் பெயரை எழுதக் கை வர மாட்டேன் என்கிறது. குணசேகரன். எழுதிவிட்டேன். இனி இவர்தான்.

மே 27, திங்கள்

மாவடு போட்டேன். இந்த வருஷம் வடு சின்னது, விலை பெரியது. தையல் பிரித்த இடம் நமைச்சல்.

குளியலறையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டேன். குழாயைத் திறந்தே வைத்திருந்தேன். தண்ணீர் வீணாகிறது என்று வழக்கமாகக் கதவைத் தட்டுவார். இன்று தட்டவில்லை. வெளியே வந்தபோது காபி கலந்து வைத்திருந்தார். சர்க்கரை அதிகம்.

கண்ணில் ஷாம்பூ பட்டு எரிச்சல்.

ஜூன் 8, சனி

இன்று மன்றத்துக்குப் போனேன்.

எங்கள் சனிக்கிழமைக் கரோக்கி மன்றம் கூடுவது சூரமங்கலத்தில் ஒரு ப்ளே ஸ்கூல் ஹாலில். சுவரில் முயலும் யானையும் சிரிக்கும். நாற்காலிகள் முழங்கால் உயரம். தலைவர் வைத்தியலிங்கம் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும். ஜவுளிக்கடை முதலாளியாக இருந்தவர். கடையை மகன் எடுத்துக்கொண்டான். இப்போது அவரைத் 'தலைவரே' என்று கூப்பிட நாங்கள் மட்டும்தான் இருக்கிறோம்.

சேலத்தில் எத்தனையோ கரோக்கிக் குழுக்கள் இருக்கின்றன. எங்களுக்கு ஒரு பெருமை உண்டு. நாங்கள் யாரும் பின்னணி இசை ட்ராக்கை இறக்கிப் பாட மாட்டோம். பாட்டு எந்தச் சுருதியில் பதிவானதோ அதே சுருதி, ஒரிஜினல் கட்டை. இது நான் கொண்டுவந்த விதி. லேப்டாப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் அரைக்கட்டை இறங்கும், இன்னொரு தட்டு தட்டினால் இன்னும் அரைக்கட்டை. எட்டாத ஜாடியை எட்டுகிற அலமாரிக்கு மாற்றிவிட்டு, எட்டிவிட்டேன் என்று சொல்வதில் என்ன இருக்கிறது? எட்டுகிறவள் எட்டட்டும், எட்டாதவள் பயிற்சி செய்யட்டும்.

லேப்டாப்புக்குப் பின்னால் உட்கார்ந்து ட்ராக் போடுவது இவர். இவர் பாட மாட்டார். டெலிபோன் ஆபீஸில் ஆயுள் முழுக்க அடுத்தவர் பேச்சுக்கு வயர் இழுத்துப் பழகியவர்.

நான் பாடியது என் கோபுரப் பாட்டு. படத்தின் பெயரெல்லாம் வேறு; நான் வைத்த பெயர் இது. பல்லவியில் சாதுவாக இருக்கும். சரணத்தின் மூன்றாவது வரியில் படிப்படியாக ஏறி உச்சியில் போய் நிற்கும். அங்கே நின்று ஒரு நீட்டு நீட்ட வேண்டும். சேலத்தில் அதை நீட்டுகிற பெண் நான் ஒருத்திதான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

இன்று அந்த இடத்தில் குரல் வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. மின்விசிறிக்கு நேர் கீழே நிற்கவைத்துவிட்டார்கள். மதியம் புளியோதரை வேறு.

பரிமளா எழுந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் கேட்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு

கிரைண்டர் ரிப்பேர். வேறொன்றும் இல்லை.

ஜூன் 22, சனி

நான் சொன்னேன் இல்லையா.

முழுக்க வரவில்லை, ஆனால் வந்தது. உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டேன், நீட்ட முடியவில்லை. போன தடவைக்கு இது எவ்வளவோ மேல். தலைவர் கைதட்டினார். ட்ராக் கொஞ்சம் மந்தமாகக் கேட்டது. வரும் வழியில் இவரிடம் சொன்னேன்.

"ஸ்பீக்கர் பழசாயிடுச்சு மணி" என்றார்.

பேரைச் சுருக்கி மணி என்பார். முழுப் பெயர் வசந்தாமணி. கோபமாக இருக்கும்போதுகூட இவர் முழுப் பெயரைச் சொல்லிக் கேட்டதில்லை.

ஸ்பீக்கரை மாற்றச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

ஜூலை 6, சனி

குரல் வாராவாரம் ஏறுகிறது. இன்று உச்சியில் கொஞ்சம் நின்றேன்.

பரிமளா வழக்கம்போல் ஆரம்பித்தாள். கூட்டுறவு வங்கியில் கிளார்க், நல்ல பெண், குரல்தான் தரையோடு தரையாகப் போகும். "டீச்சர், இந்தப் பாட்டுல சரணம் எனக்கு ரொம்பத் தூக்கலா இருக்குங்க. அண்ணன்கிட்ட ஒரு கட்டை மட்டும் இறக்கச் சொல்லட்டுங்களா?"

"ஆபரேஷன் பண்ணின கழுத்தை வெச்சுக்கிட்டு நானே ஏறறேன். உனக்கு என்னம்மா?" என்றேன்.

முகம் சிவந்துபோய் மைக்கை எடுத்தாள். ஆனால் பாடினாள் பாருங்கள், எங்கேயும் தடுக்கவில்லை. கண்டிப்புக் காட்டினால்தான் வேலை நடக்கும் என்பதை வகுப்பறையில் கற்றுக்கொண்டவள் நான். இவரிடம் சொன்னேன். "ஆமாமா" என்று லேப்டாப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இப்போதெல்லாம் லேப்டாப்பை யாரையும் தொடவிடுவதில்லை. நான் காபி கொண்டுபோனால் மூடிவிடுகிறார். ஷேர் மார்க்கெட் பார்க்கிறாரோ என்னவோ.

ஜூலை 10, புதன்

ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்கள். முக்கோணத்துக்கு நான்கு பக்கம் வரைந்திருக்கிறாள் ஒருத்தி.

மாலையில் செல்போனில் சுருதிப் பெட்டியை ஐந்தரையில் வைத்துக் கோபுரப் பாட்டைப் பாடிப் பார்த்தேன். மூன்றாவது வரியில் வரவில்லை. மறுபடி பார்த்தேன். வரவில்லை. வீட்டில் எதிரொலி கிடையாது, எதிரே ஆட்களும் கிடையாது. மேடை என்றால் எனக்குத் தானாக ஏறும். இனி வீட்டில் பாடிப் பார்த்துக் குரலை வீணாக்கப் போவதில்லை.

ஜூலை 27, சனி

இன்று இரண்டு பக்கம் எழுதுவேன் போலிருக்கிறது. சந்தோஷத்தில்தான்.

நின்றேன். உச்சியில் போய் நின்று, பழையபடி நீட்டி, அவசரமே இல்லாமல் இறங்கினேன். கழுத்து இறுகவில்லை. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த நாற்காலியிலிருந்து அவர் யார் உதவியும் இல்லாமல் எழுந்தது இதுதான் முதல் தடவை. ஆகஸ்ட் 31 ஆண்டு விழாவில் நிறைவுப் பாட்டு நான்தான் என்று அங்கேயே அறிவித்துவிட்டார். ஒவ்வொரு வருஷமும் நான்தான் நிறைவு. இந்த வருஷம் வேறு யாருக்காவது போய்விடுமோ என்று ஒரு பயம் இருந்தது. இருந்தது என்று இப்போது எழுதலாம்.

டாக்டர் நெல்சன் புல்லாங்குழல் வாசிக்கிறேன் என்று முன்வந்தார். ஐந்து ரோட்டுப் பக்கம் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிறார். பாட்டுக்கு நடுவில் வரும் குழல் இசையை நேரில் வாசித்தால் எடுப்பாக இருக்கும். எல்லோருக்கும் சம்மதம். இவர் மட்டும், "எதுக்கு, ட்ராக்லயே இருக்கே" என்றார். வேலைக்குச் சோம்பல்.

ஹெச்.எம்., ஸ்டாஃப் ரூம் முழுக்க, என் பத்தாம் வகுப்பு அத்தனை பேருக்கும் அழைப்பு சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இவருக்கு வயிறு சரியில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. ஆண்டு விழாவைத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டார். எதற்கு என்றேன். சும்மா என்றார். சீரகத் தண்ணீர் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 17, சனி

எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் இந்த நோட்டுக்கே அர்த்தம் இல்லை.

ஒத்திகை. பல்லவி முடிந்து நெல்சன் குழலை எடுத்தார். காது கூசியது. ட்ராக் ஒரு பக்கம் போகிறது, குழல் ஒரு பக்கம் போகிறது. நிறுத்தச் சொன்னேன். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடி அதே. எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. எல்லோர் முன்னாலும், "டாக்டர், சுருதி சுத்தமா இல்லை. வீட்டுல நல்லாப் பழகிட்டு வாங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செல்போனில் சுருதிப் பெட்டியை வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், இது அஞ்சரைக் கட்டைக் குழல். மூங்கில்ல ஓட்டை போட்டது போட்டதுதான், இதை ஏத்த இறக்க முடியாதுங்க. ட்ராக்தான் நாலுல ஓடுது."

"நாலுலயா? ஒரிஜினல் அஞ்சரை" என்றேன்.

"ஆமாங்க. ஒன்றரைக் கட்டை இறங்கியிருக்கு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் லேப்டாப்பைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையிலேயே முடிந்துவிட்டது. ஜூன் 22, ஜூலை 6, ஜூலை 27 எல்லாம் என் கண் முன்னால் வரிசையாக வந்து நின்றன. குரல் ஏறவே இல்லை. வாராவாரம் ட்ராக்தான் இறங்கியிருக்கிறது. கணக்கு டீச்சர் நான், இந்தக் கழித்தல் எனக்குத் தெரியவில்லை.

"லேப்டாப்ல ஏதோ கோளாறு" என்றார் தலைவர் அவசரமாக. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தலைவருக்கு என்ன அவ்வளவு பதற்றம் என்று அப்போதே தோன்றியது.

பையை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன். இவர் பின்னாலேயே ஸ்கூட்டரில் வந்தார், வீடு வரைக்கும், ஆட்டோவை முந்தாமல்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

தோசை. பேசவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

உப்புமா. இவருக்கு உப்புமா பிடிக்காது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

உப்புமா.

ஆகஸ்ட் 21, புதன்

இன்று பேசினோம். மூன்றாவது நாள் உப்புமாத் தட்டைப் பார்த்ததும் இவரே ஆரம்பித்தார்.

"நான் செஞ்சது தப்புதான் மணி."

"தெரியும்" என்றேன். "ஏன்னு மட்டும் சொல்லுங்க."

தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஆஸ்பத்திரில இருந்து வந்தப்புறம் ஒரு நாள் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்துவிட்டுட்டுப் பாடிப் பார்த்தே. தண்ணிச் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சுட்டே. வெளியதான் நின்னேன். பாட்டும் கேட்டுச்சு. அப்புறம் நீ அழுததும் கேட்டுச்சு."

மே 27 அன்று ஷாம்பூ என்று எழுதியிருக்கிறேன். இருக்கட்டும், அடித்துத் திருத்த மாட்டேன்.

"அரைக்கட்டை மட்டும் இறக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். நீ வீட்டுக்கு வந்து ரெண்டு இட்லி கூடச் சாப்பிட்டே. சரி, அடுத்த வாரம் இன்னொரு அரைன்னு..."

"மன்றத்துல என்னை முட்டாளாக்கிட்டீங்க. நான் விதி போட்டவ."

அப்போதுதான் அதைச் சொன்னார். "உனக்கு மட்டும் இல்லை மணி."

நான் நிமிர்ந்தேன்.

"தலைவருக்கு ரொம்ப நாளா இறக்கறேன். பரிமளாவுக்கு அவ சேர்ந்த முதல் நாள்ல இருந்தே. இறக்காட்டி அவ ரெண்டாவது வாரமே நின்னுருப்பா. மத்தவங்களுக்கும் அரை, ஒண்ணுன்னு... எல்லாருமே நம்ம வயசுக்காரங்க. பகல் முழுக்க வேலை செஞ்சுட்டு ஆசையா வர்றாங்க. உன்கிட்ட கேட்டா நீ விடமாட்டே. அதான் யார்கிட்டயும் சொல்லலை. அவங்களுக்கே தெரியாது. தலைவருக்கு மட்டும் தெரியுமோ என்னவோ, அவர் பாடறதுக்கு முன்னாடி என்னை ஒரு பார்வை பார்ப்பார்."

"அப்போ ஒரிஜினல் கட்டையில பாடினது?"

"நீ ஒருத்திதான்."

எனக்கு அழுகை வர வேண்டிய இடம். வந்தது சிரிப்பு. ஆக, சேலத்தின் ஒரே ஒரிஜினல் கட்டை மன்றத்தில் ஒரிஜினல் கட்டையில் பாடியது நான் மட்டும். அது பெருமையா அவமானமா என்று எனக்கே தெரியவில்லை. பெருமை என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனால் சிரிப்பை இவரிடம் காட்டவில்லை.

"ஒரு சத்தியம் பண்ணுங்க. இனிமே யாருக்கும் தெரியாம நீங்க ட்ராக்கை இறக்கக் கூடாது" என்றேன்.

செய்தார். பிறகு உப்புமாவைத் தள்ளிவிட்டு இருவரும் கடைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 22, வியாழன்

என் குரல் திரும்பாது. எழுதிவிட்டேன். உலகம் அப்படியேதான் இருக்கிறது. பால் பாக்கெட்டும் வந்துவிட்டது.

பள்ளியிலிருந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறக்கவில்லை. புள்ளியியலில் வீச்சு என்று ஒரு பாடம் உண்டு. பெரிய மதிப்பிலிருந்து சிறிய மதிப்பைக் கழித்தால் கிடைப்பது. ஆயிரம் தடவை நடத்தியிருக்கிறேன். என் குரலின் பெரிய மதிப்பு மட்டும்தான் எனக்குத் தெரியும். சிறிய மதிப்பு எது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கீழே யார் இறங்கிப் பார்த்தார்கள்?

இன்று பார்த்தேன். யாராவது ஏதாவது சொன்னால் 'ம்ம்' என்போமே, அந்த ம்ம் எங்கே விழுகிறதோ அங்கிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு படியாக மேலே போனேன். கழுத்து இறுக ஆரம்பித்த இடத்தில் நிறுத்தினேன். முன்பானால் அதையும் தாண்டிப் போவேன், இன்று போகவில்லை. பிறகு கீழே இறங்கினேன். இறங்கினேன், இறங்கிக்கொண்டே இருந்தேன். குரல் காற்றாகிப் போகவே இல்லை. கனமாக, அகலமாக ஒரு குரல் வருகிறது. யாருடையது என்று கேட்கிற மாதிரி இருந்தது. என்னுடையதுதான். ஐம்பத்து மூன்று வயது வரை நான் கேட்டதில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

இரண்டு நாளாகப் பாட்டுத் தேடல். இவர் ட்ராக் போட, நான் பாட. எவ்வளவு இறக்க வேண்டும் என்று நான் சொல்வேன், இவர் இறக்குவார், வெளிச்சத்தில்.

கோபுரப் பாட்டை நாலு கட்டையில் வைத்தால் எட்டுகிறது. ஜூலை 27 அன்றே எட்டியதே. ஆனால் அந்தப் பாட்டின் அழகே அது உயரத்தில் இருப்பது. இறக்கினால் பல்லவி மணலில் மாட்டிய வண்டி போல இழுக்கிறது. எனக்கு எட்டுகிறது என்பதற்காக அது என் பாட்டு ஆகிவிடாது என்று புரிந்தது.

இன்னொன்றும் புரிந்தது. பல்லவியைக் கேட்டு இந்தப் பாட்டு எனக்குச் சரி என்று முடிவு செய்கிறவர்கள்தான் மேடையில் மாட்டிக்கொள்கிறார்கள். சரணத்தில் எங்கே ஏறுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும், பிறகு எங்கே இறங்குகிறது என்று. பாட்டின் பெரும்பகுதி எந்த இடத்தில் நடமாடுகிறதோ, அதுவும் நம் குரல் நடமாடும் இடமும் ஒன்றாக இருந்தால் போதும். இரண்டு கடைசியையும் தொட்டுக் காட்டுவது சர்க்கஸ். இத்தனை வருஷம் சர்க்கஸ் நன்றாகவே செய்தேன்.

கடைசியில் அகப்பட்டது ஒரு தறிக்காரி பாட்டு. புருஷன் ஊரில் இல்லாதபோது தறியில் உட்கார்ந்து தனக்குத்தானே பாடிக்கொள்கிற பாட்டு. கரோக்கியில் யாரும் தொட மாட்டார்கள், கைதட்டல் வாங்குகிற இடமே இல்லை என்று. எனக்கே அந்த எண்ணம் இருந்தது. ஒரிஜினல் ஐந்து கட்டை. நாலில் வைத்துப் பாடினேன். இரண்டாவது சரணத்தில் அது கீழே இறங்குகிற இடத்தில் இவர் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் ட்ராக்கை நிறுத்த மறந்துவிட்டார்.

"எப்படி?" என்று கேட்டேன்.

"இன்னொரு தடவை பாடேன்" என்றார்.

இருபத்தெட்டு வருஷக் கல்யாணத்தில் இவர் என்னைப் பாடச் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் முறை. எப்போதும் நானாகவே பாடிவிடுவேன், அதனால் இருக்கலாம்.

நெல்சனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "அட, விடுங்க டீச்சர்" என்றார். நாலு கட்டைக் குழலும் வைத்திருக்கிறாராம். தலைவரிடம் நிறைவுப் பாட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், நான் அதற்கு முந்தியது பாடுகிறேன் என்றேன். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஆகஸ்ட் 31, சனி

மினி ஹால் நிறைந்திருந்தது. ஹெச்.எம். முன் வரிசையில். என் பத்தாம் வகுப்பு பின்னால் இரண்டு வரிசை, சிரிப்பை அடக்கிக்கொண்டு. மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தேன். கழுத்தில் தாலிக்கொடி மட்டும். தழும்பு தெரிந்தது, தெரியட்டும்.

என்னைக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கையில் வாங்கினேன். இவர் லேப்டாப்புக்குப் பின்னாலிருந்து பார்த்தார். எத்தனை கட்டை இறக்குவது என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்குள் பேச்சு. காதில் சொன்னால் போதும். காதில் சொல்வதற்கா இவ்வளவு பாடுபட்டேன்?

மைக்கிலேயே சொன்னேன். "எல்லாருக்கும் வணக்கம். மே மாசம் எனக்குக் கழுத்துல ஆபரேஷன் ஆச்சு. முன்னாடி ஐந்தரைக் கட்டையில பாடுவேன். இப்ப வராது. இந்தப் பாட்டோட ஒரிஜினல் ஐந்து. என் கட்டை நாலு." பிறகு இவரைப் பார்த்து, "ஒரு கட்டை இறக்குங்க" என்றேன்.

மன்றத்து ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. விதி போட்டவளே மேடையில் நின்று, மைக்கில், ஊருக்கே கேட்கும்படி.

இவர் இரண்டு தட்டு தட்டினார். குழல் ஆரம்பித்தது. இந்தத் தடவை காது கூசவில்லை.

எப்படிப் பாடினேன் என்று நானே எழுதினால் அடக்கம் இல்லாதவள் என்பார்கள். நன்றாகப் பாடினேன். மிக நன்றாகப் பாடினேன். இரண்டாவது சரணத்தில் கீழே இறங்கியபோது ஹாலில் யாரோ ஒரு நாற்காலியை நகர்த்தியதுகூடக் கேட்டது. எங்கேயும் ஏறவில்லை, எங்கேயும் நீட்டவில்லை. முடிந்ததும் யாரும் உடனே கைதட்டவில்லை. அந்த இடைவெளியில் என் உயிர் போய்விட்டது. அப்புறம் தட்டினார்கள் பாருங்கள். ஹெச்.எம். எழுந்து நின்றார். என் பத்தாம் வகுப்பு விசிலடித்தது. திங்கட்கிழமை விசாரிக்க வேண்டும்.

இறங்கி வந்தபோது பரிமளா கையைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது. "டீச்சர், என் கட்டை எவ்வளவுன்னு பார்த்துச் சொல்றீங்களா? எனக்கும் அதை மைக்குல சொல்லணும்ங்க."

"நாளைக்கே வீட்டுக்கு வா" என்றேன்.

பிறகு நிறைவுப் பாட்டு. நான் இவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். தலைவர் பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. முன் வரிசையில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். மகன் இதுவரை மன்றத்துப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. தலைவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மணி டீச்சருக்கு உடம்பு காரணம். அது வேற. ஆனா நம்ம மன்றத்தோட பெருமை ஒரிஜினல் கட்டை. இந்த அறுபத்தெட்டு வயசுலயும் நான் ஒரிஜினல்லதான் பாடப்போறேன்" என்றார். மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சொல்லிவிட்டு இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இவர் சொன்ன அதே பார்வை. தெரிந்துதான் இருக்கிறது மனிதருக்கு.

இவர் கை பொத்தானுக்கு மேல் நின்றது, இறங்கவில்லை. என்னிடம் செய்த சத்தியம். என்னைப் பார்த்தார், தலைவரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். ட்ராக்கை ஆரம்பிக்கலாம் என்று தலைவர் தலையசைத்துவிட்டார்.

எனக்குத் தெரிந்தாக வேண்டும், நான் அப்படிப்பட்டவள். தெரியாமல் கொடுத்தால் பாயசமானாலும் துப்பிவிடுவேன். தலைவர் அப்படி இல்லை. அவருக்கு வேண்டியது இந்த ஒரு பாட்டு, அதை மகன் பார்ப்பது. அவர் தன் கட்டையைத் தானே சொல்கிற நாள் வந்தால் வரட்டும். அந்த நாள் இன்று இல்லை.

இவர் கையை மெதுவாக நகர்த்திவிட்டு நானே தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று. சத்தியம் செய்தது இவர்தானே, நான் இல்லையே.

தலைவர் கண்ணை மூடி, இடக்கையை உயர்த்தி, எங்கேயும் தடுக்காமல் பாடினார். சரணத்தில் அவர் ஏறியபோது மகன் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிப் பெருமையாகச் சிரித்தான். ஹால் அதிர்ந்தது. இவர் மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நல்ல கைதட்டல். எனக்கு விழுந்ததைவிடக் கொஞ்சம் குறைவுதான்.